குரல் அழைப்பா, வீடு தேடிப் போவதா?

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுப்பதைச் சொல்லித்தர எங்களிடம் இருந்த பணம் ஒரு வழிக்குத்தான் போதும். பதிவு செய்த குரல் அழைப்பை எல்லா ஃபோன்களுக்கும் அனுப்பலாம், அல்லது பணியாளர்களை வீடுவீடாக அனுப்பலாம். நாங்கள் வீடுவீடாகப் போனோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

செலவிலும் வேகத்திலும் குரல் அழைப்புதான் மேல், அதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று நமக்குத் தெரிய வேண்டுமே! அழைப்பை எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை நொடி கேட்டார்கள் என்று கணக்கு வரும். கரைசலை எப்படிக் கலந்தார்கள் என்பது வராது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. முன்னோட்டமாக அனுப்பிய அழைப்பைக் கேட்ட ஒரு தாய் இந்த அளவைத் தடுமாறாமல் ஒப்பித்தார். கலந்து காட்டச் சொன்னோம். அவர் எடுத்தது பரிமாறும் கரண்டி. அந்த வீட்டில் ஸ்பூன் என்றால் அதுதான். உப்பு அவ்வளவு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. பக்கத்தில் ஆள் இருந்ததால் அங்கேயே கரண்டியை மாற்ற முடிந்தது.

பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை சுமார் 1.2 கோடி வீடுகளில் இதைக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர்: உப்புக்குக் கரண்டியே தேவைப்படவில்லை. பணியாளரின் ஊதியமும் எத்தனை வீடு ஏறினார் என்பதைப் பொறுத்ததல்ல. பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள். அப்படியும் கற்ற பலர் தொடக்கத்தில் கரைசலைப் பயன்படுத்தவில்லை. காரணம் தேடிப் போனபோது, சொல்லிக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் தெரியவந்தன. இரண்டையும் சரிசெய்தார்கள். நேரில் போனதால்தான் தவறே கண்ணில் பட்டது.

வீடுவீடாகப் போவதிலும் தொல்லை உண்டு. பழகிய பணியாளர் விலகினால் புதியவருக்கு முதலிலிருந்து பயிற்சி தர வேண்டும். காலரா பரவத் தொடங்கிவிட்டால் வீடுவீடாகப் போகும்வரை காத்திருக்க முடியாது, அப்போது அழைப்புதான் சரி. நான் வேலை செய்தது கிராமங்களில். பெருநகரத்துக்கு இது ஒத்துவருமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

பின்னர் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது குரல் அழைப்பையும் தொடங்கினோம். பணியாளர் எந்த நாள் வருகிறார், வீட்டில் ஆண்களும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அது முந்தின மாலை சொல்லும்.