டெனிசன் மேலங்கியும் ஒன்றாம் எண் தூரிகையும்: ஆறு வருட அனுபவம்

ஆறு வருடங்களுக்கு முன் 28 மி.மீ. அளவில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர் பொம்மைகள் பெட்டி ஒன்றை வாங்கினேன். ஆர்வக் கோளாறில் முதல் பத்துப் பேருக்குக் கால்சட்டையிலும் உருமறைப்புக் கோலம் போட்டுவிட்டேன். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெமில் இறங்கியவர்களுக்கு டெனிசன் மேலங்கி மட்டும்தான் உருமறைப்புத் துணி. இடுப்புக்குக் கீழே சாதாரண காக்கிக் கம்பளிக் கால்சட்டைதான். அந்தப் பத்துப் பேர் இன்றும் அலமாரியின் பின்வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு நூற்றிருபது பேருக்கு வண்ணம் தீட்டியிருக்கிறேன்.

உருமறைப்புச் சீருடை பழக விரும்புகிறவர்கள் டெனிசனில் தொடங்கலாம். வெளிர்ந்த மணல் கலந்த பச்சைத் துணியில் அகலமான தூரிகையால் பச்சையையும் செம்பழுப்பையும் இழுத்துவிட்டதுபோல் இருக்கும். ஓரங்கள் விளக்குமாற்றால் பெருக்கிய தடம்போலப் பிசிறடிக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் இன்னும் அடர்ந்த ஒரு நிறம் வரும். கை சற்றே நடுங்கினாலும் துணியின் இயல்பு அது என்று தப்பித்துக்கொள்ளலாம்.

முதலில் செய்த முட்டாள்தனம், கோலம் சிறியது என்பதால் தூரிகையும் சிறியதாக இருக்க வேண்டும் என்று மூன்று சுழி (000) எண் கொண்ட மிகச் சிறிய தூரிகை வாங்கியது. அதன் நுனியில் நிற்கும் துளி பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். தலைக்கு மேல் மின்விசிறி ஓடினால் கேட்கவே வேண்டாம். இப்போது எல்லாவற்றுக்கும் ஒன்றாம் எண் கோலின்ஸ்கி முடித் தூரிகைதான். வயிற்றில் வண்ணத்தைத் தேக்கிக்கொண்டு நுனியில் மட்டும் கூர்மையாக நிற்கும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்காமல் விரலால் உருட்டி வைத்தால் இரண்டு வருடம் உழைக்கிறது.

வண்ணங்களில் வயேஹோ நிறுவனத்தின் சொட்டுக் குப்பிகள் எனக்குப் பழகிவிட்டன. அடிவண்ணத்துக்கு 988-ஆம் எண் காக்கி, கோலத்துக்கு 967 ஆலிவ் பச்சையும் 984 பழுப்பும். காக்கியில் மட்டும் இப்போது இரண்டாவது குப்பி ஓடுகிறது. பழைய டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன்மேல் பேக்கிங் காகிதம். இந்த ஈரப் பலகையில் கலந்த நிறம் மறுநாளும் அப்படியே இருக்கும்.

துல்லியம் என்ற சொல்லோடு நான் அதிகம் மல்லுக்கட்டியது அளவு விஷயத்தில். நிஜத் துணியில் 10 செ.மீ. நீளமுள்ள ஓர் இழுப்பு, 28 மி.மீ. பொம்மைக்குரிய 1/56 விகிதத்தில் 2 மி.மீ.க்கும் குறைவு. கணக்குப் பார்த்து அப்படியே போட்டால், கை நீட்டும் தூரத்திலிருந்து வீரன் ஒரே சேற்று உருண்டையாகத் தெரிவான். உருமறைப்பு தன் வேலையைப் பொம்மையிலும் செய்துவிடுகிறது! அதனால் இழுப்புகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் குறைத்து, அடித்துணியை ஒரு படி வெளிறவிடுகிறேன். அளவுகோலுக்கு அது பொய். கண்ணுக்கு அதுதான் சரி.

ஆனால் பாக்கெட்டில் பொய் கூடாது. துணிக்கு முதலில் சாயம் ஏற்றி, பிறகுதான் வெட்டித் தைத்தார்கள். ஆகவே மார்பில் ஓடும் பழுப்பு இழுப்பு பாக்கெட்டின் விளிம்பில் பட்டென்று நிற்கும். பாக்கெட்டின் மேல் வேறு ஏதோ ஒரு பச்சை வேறு திசையில் கிடக்கும். தோள் தையலிலும் அப்படித்தான். முன்பெல்லாம் சுவரில் கொடி படர்வதுபோல் கோலத்தைத் தையல் தாண்டி ஓடவிடுவேன். இப்போது முதுகு, கை, பாக்கெட் என்று தனித்தனித் துண்டாக நினைத்துத் தீட்டுகிறேன். இந்த ஒரு மாற்றத்தில்தான் என் பொம்மைகள் சாயத்தொட்டியிலிருந்து எழுந்தவர்கள்போல் இல்லாமல் சட்டை போட்டவர்கள் ஆனார்கள். நிழல் நீரை (மடிப்பில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணத்தை) கோலத்துக்கு முன்பே மடிப்புகளில் இறக்கிவிட வேண்டும். பிறகு இறக்கினால் மூன்று நிறமும் ஒன்றாகக் கலங்கிப்போகும்.

ஒரே பெரிய இழப்பு வார்னிஷில். ஒரு மழைக்கால மாலையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஸ்பிரே டப்பாவால் இருபத்துமூன்று பேருக்கு மங்கல் வார்னிஷ் அடித்தேன். காலையில் எல்லோரும் திருநீறு பூசியதுபோல் வெளுத்திருந்தார்கள். டப்பாவைவிடக் காற்றின் ஈரத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் பூசியதும் பெரும்பாலோர் மீண்டார்கள். நான்கு பேர் மீளவில்லை. அதன்பின் ஸ்பிரேயைத் தொடவில்லை.

மற்ற கோலங்களையும் தொட்டுப் பார்த்தேன். பசிபிக் போர்முனையின் அமெரிக்க மரைன்களுக்கான 'தவளைத்தோல்' துணியில் புள்ளிக்குள் புள்ளி. முழுச் சீருடை என்றால் பொறுமையைத் தின்றுவிடும். 1943 நவம்பரில் தாராவாத் தீவில் இறங்கியவர்களைத் தேர்ந்தெடுத்தால் பிழைத்தோம்: பெரும்பாலோருக்குத் தலைக்கவச உறை மட்டும் தவளைத்தோல், உடுப்பு வெறும் பச்சை. ஜெர்மனியின் 1931 'சில்லு'க் கோலம்தான் இன்னும் வசப்படவில்லை. கூர்முனைத் துண்டுகள்கூட வந்துவிடுகின்றன. அவற்றின்மேல் மழைச்சாரல்போல் விழும் மெல்லிய பச்சைக் கோடுகளை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தும் நெருக்கமாகத்தான் தெரிகின்றன. டெனிசன் மேலங்கி ஒன்றுக்கு இப்போது எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. சில்லுக் கோலத்தில் ஒரே ஒரு ஜெர்மன் பாராசூட் வீரன் மூன்று வாரமாக மேசையில் நிற்கிறான், இடது கை இன்னும் வெறும் பிரைமரோடு.