சஸ்டைனபிள் ஃபேஷன் படிக்க எங்கே போவது: கோலாலம்பூர் தனியார் கல்லூரியா, போலிடெக்னிக்கா, சென்னையா?

அக்கா மகள் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தின மலேசியத் தேர்வு) முடித்துவிட்டு ஃபேஷன் டிசைன் படிக்கப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து வீட்டில் மூன்று கட்சி. அக்காவுக்குக் கோலாலம்பூரிலேயே ஒரு தனியார் கல்லூரி வேண்டும், தினமும் எல்ஆர்டி ரயிலில் போய் வந்தால் போதும். அத்தானுக்குக் கைக்கு அடக்கமான அரசாங்க வழி. அவளுக்குச் சென்னை. நான் கோலாலம்பூர் செந்தூலில் பிளவுஸும் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கும் தைக்கிற கடை வைத்திருப்பதால், "சித்தி, நீங்களே சொல்லுங்க" என்று பஞ்சாயத்து என் தலையில் வந்து விழுந்தது. ஒரு மாதமாக விசாரித்ததை அப்படியே இங்கே கொட்டுகிறேன், இதே குழப்பத்தில் வேறு வீடுகளும் இருக்கும்.

அவள் கேட்பது வெறும் ஃபேஷன் இல்லை, சஸ்டைனபிள் ஃபேஷன், அதாவது கழிவைக் குறைத்து, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் உடை செய்வது. இந்தச் சொல் இப்போது எல்லாக் கல்லூரிக் கையேட்டிலும் பச்சை இலைப் படத்தோடு இருக்கிறது, அதனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. என் கடையில் அதற்குப் பொருள் மிக எளிது: வெட்டி முடித்த பிறகு மேசைக்குக் கீழே எவ்வளவு துணி கிடக்கிறது. தொழிற்சாலையில் வெட்டும்போதே சுமார் 15 சதவீதம் துணி வீணாகிறது என்று சொல்வார்கள். பழைய முறைப்படி வெட்டிய பாஜு கூரோங்கைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் நேர்கோட்டுத் துண்டுகள்தான்: தோளில் மடித்த உடல், நீள்சதுரக் கை, பக்கவாட்டில் பெசாக், அக்குளில் சின்னச் சதுரமாக கெகெக். துணி விலை அதிகமாக இருந்த காலத்தில் ஒரு விரல் அகலம்கூட வீணாகக் கூடாது என்று யாரோ யோசித்து வெட்டியது அது. புடவைக்குக் கத்திரியே வேண்டாம். இதையே இன்று வெளிநாட்டில் கழிவில்லா வெட்டு முறை என்று தனிப் பாடமாக நடத்துகிறார்கள், நம் பிள்ளைகள் அதைத் தேடிப் போகிறார்கள், சரி, போகட்டும்.

ஆனால் பழையதை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மாதிரி உடுப்பைத் தைக்காமலேயே க்ளோ த்ரீடி போன்ற மென்பொருளில் உடுத்திப் பார்த்துத் திருத்துகிறார்கள், ஐந்து மாதிரி தைத்த இடத்தில் ஒன்றோடு முடிகிறது. விற்காத உடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் போட்டுவிட்டது, ஒவ்வொரு உடுப்பும் எந்த நூலில், எங்கே உருவானது என்று சொல்லும் டிஜிட்டல் கடவுச்சீட்டும் வரப்போகிறது. உலகத்தில் உடைக்குப் போகிற மூலப்பொருளில் மறுபடி உடையாகத் திரும்புவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017இல் சொன்னது. இதெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு வேலை கிடைக்கும். அதனால் கையும் வேண்டும், கணக்கும் வேண்டும், இரண்டையும் எங்கே கற்கலாம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் தனியார் கல்லூரி. கோலாலம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் தேர்வுக்குக் குறைவில்லை. சைபர்ஜெயாவில் லிம்கொக்விங், 1841இல் பாரிசில் தொடங்கிய எஸ்மோட் ஃபேஷன் பள்ளியின் கிளை, ராஃபிள்ஸ், 1967இலிருந்து இருக்கும் மலேசிய ஓவியக் கலைக் கல்லூரி என்று பட்டியல் நீளும். இந்த வழியில் பெரிய வசதி அரசாங்கக் கல்விக் கடனான பிடிபிடிஎன். கட்டணம் பல்லாயிரம் வெள்ளி (ரிங்கிட்) போனாலும், அங்கீகாரம் உள்ள படிப்பாக இருந்தால் கடன் கிடைக்கும், வட்டி மாதிரி வாங்குவது 1 சதவீதம்தான், இளங்கலையில் முதல் வகுப்பு எடுத்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கே உண்டு. மென்பொருள், லேசர் வெட்டு, ஃபேஷன் ஷோ, புகைப்படம் எல்லாம் இங்கே நன்றாகவே வரும். மஸ்ஜிட் இந்தியா துணிக்கடைகள் பக்கத்திலேயே, பழைய துணி விற்கிற பண்டல் கடைகள் தெருவுக்குத் தெரு, அதாவது பழைய துணியைப் பிரித்துப் புதிதாகச் செய்து பழக மலிவான மூலப்பொருள் காலடியில் கிடக்கிறது.

குறை எங்கே என்றால், நிறைய இடங்களில் சஸ்டைனபிள் என்பது கடைசி வருடத் தலைப்பாக மட்டும் நின்றுவிடுகிறது. என் கடைக்கு இதுவரை ஏழெட்டுப் பயிற்சி மாணவர்கள் வந்திருக்கிறார்கள். அதில் ஒரு தனியார் கல்லூரிப் பெண் சுழற்சிப் பொருளாதாரம் (எதையும் தூக்கிப் போடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவது) பற்றி அரை மணி நேரம் அழகாகப் பேசுவாள், ஆனால் வந்த முதல் வாரமே ஒரு வாடிக்கையாளரின் பட்டில் நேர்நூல் குறுக்குநூல் பார்க்காமல் பிளவுஸ் கையை வெட்டிவிட்டாள், நான் புடவையின் உள்முந்தியில் ஒரு சாண் எடுத்துச் சமாளித்தேன், அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அவள்மேல் தப்பில்லை. மூன்று வருடத்தில் அவள் வெட்டிய உடுப்பு இருபதைத் தாண்டாது என்றாள்.

இரண்டாவது அத்தான் கட்சி. அரசுப் பல்கலைக்கழகம் என்றதும் எல்லாரும் ஷா ஆலாம் யுஐடிஎம் பெயரைச் சொல்வார்கள், ஃபேஷனில் அதற்கு நல்ல பெயர், ஆனால் அது பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கானது, நமக்குக் கதவு அங்கே இல்லை, மேலே போவோம். நமக்கும் திறந்திருப்பது போலிடெக்னிக்கும் கோலேஜ் கொமுனிட்டி என்கிற சமூகக் கல்லூரியும். ஜொகூர் பாசிர் கூடாங்கில் இருக்கும் இப்ராஹிம் சுல்தான் போலிடெக்னிக் வடிவமைப்புப் படிப்புகளுக்குப் பேர்போனது, ஃபேஷனில் டிப்ளோமா உண்டு, அரசாங்க மாணவர் சேர்க்கைப் பிரிவான யுபியு வழியாக விண்ணப்பம், கட்டணம் ஒரு பருவத்துக்குச் சில நூறு வெள்ளிதான். பயிற்சிக்கு அனுப்பியே தீர்வார்கள்.

அங்கிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண்ணை நான் மறக்கவே மாட்டேன். காகித வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பி, இடுக்கில் பொருத்தி, இரண்டே கால் மீட்டர் கேட்ட உடுப்பை இரண்டு மீட்டரில் முடித்தாள். வெல்வெட் வந்தபோதும் அதையே செய்தாள் என்பது வேறு கதை (திருப்பிப் போட்டால் ஒரு பாதி மினுங்கும், மறு பாதி மங்கும்). ஆனால் விஸ்கோஸ் துணி எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன், பிளாஸ்டிக் என்றாள். மரக்கூழ் என்று சொன்னபோது என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கை இருக்கிறது, அந்தத் துணி என் மேசைக்கு வரும் முன்னால் எங்கே இருந்தது, போன பிறகு எங்கே போகும் என்கிற கதை இல்லை. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த கையோடு போகிற பிள்ளைக்கு, அதுவும் நாளைக்குச் சொந்தக் கடை போடும் எண்ணம் இருந்தால், இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். எஸ்டிபிஎம் வரை படித்துவிட்டு டிப்ளோமாவுக்கு இறங்குவதற்குத்தான் இவள் முகம் சுளிக்கிறாள், அதிலும் நியாயம் இருக்கிறது.

இனி சென்னை. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேசுவேன், ஏனென்றால் ஆரம்பத்தில் நானே இதைச் சிரித்துத் தள்ளினேன்.

நிஃப்ட் என்கிற இந்திய அரசின் ஃபேஷன் கல்லூரி 1986இல் டெல்லியில் தொடங்கியது, தரமணியில் உள்ள சென்னை வளாகம் 1995இல் வந்தது. நான்கு வருட இளங்கலை. ஃபேஷன் டிசைன் மட்டுமில்லை, டெக்ஸ்டைல், பின்னலாடை, தோல் என்று துறை துறையாக உண்டு. நூல் எப்படித் துணியாகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம் என்பது இங்குள்ள கல்லூரிகளில் எனக்குக் கிடைக்காத விஷயம். மாணவர்களைக் கைத்தொழில் ஊர்களுக்கு அனுப்பி நெசவாளர்களோடு இருக்கவைக்கும் பழக்கமும் அவர்களுக்கு உண்டு, காஞ்சிபுரம் அங்கிருந்து 75 கிலோமீட்டர்தான்.

ஆனால் என் மனசை மாற்றியது காஞ்சிபுரம் இல்லை, திருப்பூர். சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது அங்கே இறங்கலாம். உலகத்துக்கே டீ-ஷர்ட் தைத்து அனுப்புகிற ஊர், அதே நேரத்தில் சாயக்கழிவை நொய்யல் ஆற்றில் விட்டு ஆற்றைச் சாகடித்த ஊர். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாக மாறி, விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாமல் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறித்தான் தொழிலை மறுபடி எழுப்பினார்கள், அதிலும் மிஞ்சுகிற உப்பை என்ன செய்வது என்பது இன்னொரு தலைவலி. சாயம், தண்ணீர், நீதிமன்றம், கூலி, ஏற்றுமதி ஆர்டர் எல்லாம் ஒரே ஊரில். இதை எந்த வகுப்பறையில் ஸ்லைடு போட்டுக் காட்டுவீர்கள்? அதுவும் தமிழிலேயே போய்ப் பேசலாம். சாயப்பட்டறைத் தொழிலாளியிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேள்வி கேட்க முடிகிற வெளிநாட்டு மாணவர் வேறு யார்? இவள் பேசுகிற "அப்படித்தான் லா" தமிழைக் கேட்டு அவர்கள் கொஞ்சம் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

மலேசியாவில் தொழிற்சாலையே இல்லையா என்று அக்கா கேட்டாள். இருக்கிறது. பத்து பகாட் பழைய ஆயத்த ஆடை ஊர், பினாங்கு பக்கம் பிறையில் ஜப்பானியத் தோரே குழுமத்தின் துணி ஆலை. தனியார் கல்லூரியில் சேர்கிறவர்கள் பயிற்சிக்கு ஷாப்பிங் மால் பூட்டிக்கைக் கேட்காமல் இப்படி ஓர் ஆலையைக் கேட்டால் சென்னைக்கும் இதற்கும் உள்ள தூரம் பாதி குறையும். யாரும் கேட்பதில்லை, ஏசி இருக்காதே.

சென்னையின் இடைஞ்சல் பணம். பிடிபிடிஎன் வெளிநாட்டுக்குக் கிடையாது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உள்ளதைவிட அதிகம், கோலாலம்பூரில் மூன்றில் முடிகிற இடத்தில் அங்கே நான்கு வருடம். அத்தானுடைய இபிஎஃப் சேமநிதிக் கணக்கிலிருந்து கல்விக்கென்று எடுக்கலாம், அது வெளிநாட்டுப் படிப்புக்கும் செல்லும், ஆனால் அது அவருடைய வயதான காலத்துச் சோறு, நான் வாய் திறக்க முடியாத விஷயம். விமானத்தில் நான்கு மணி நேரம்தான், வெயில் நமக்குப் பழகியது, சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. விடுதியில் தனியாக ஒரு பெண் பிள்ளை என்பதுதான் அக்காவின் உண்மையான பயம், கட்டணத்தைப் பேசுவதெல்லாம் அதை மறைக்கத்தான்.

லண்டனைப் பற்றி ஒரு வரி. பினாங்கில் பிறந்த காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ அங்கே போய்த்தான் கார்ட்வைனர்ஸ் கல்லூரியில் படித்தார், அது இன்று லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷனில் சேர்ந்துவிட்டது, அங்கே 2008இலிருந்தே சஸ்டைனபிள் ஃபேஷனுக்கென்று தனி மையம் உண்டு. ஆனால் அவர் கப்பல் ஏறும் முன்பே அப்பாவிடம் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவர், மேலும் ஒரு பவுண்டுக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு அந்த வரி போதும்.

என் ஓட்டு? இவளுக்குச் சென்னை. எல்லாருக்கும் இல்லை, இவளுக்கு. சின்ன வயதில் என் கடைக்கு வந்தால் மற்ற பிள்ளைகள் பொத்தானைப் பொறுக்கும், இவள் "இந்தச் சாயம் துவைக்கும்போது எங்கே போகும் சித்தி" என்று கேட்டவள். வரைவதிலும் மென்பொருளிலும் ஆர்வம் உள்ள, கடன் வாங்கித்தான் படிக்க முடிகிற பிள்ளை என்றால் கோலாலம்பூர், யோசிக்கவே வேண்டாம். மூன்று வழியில் எதில் போனாலும் படிக்கும்போதே ஹாங்காங்கின் ரீட்ரெஸ் போட்டிக்கு ஒரு உடுப்பு அனுப்பிப் பார்க்கலாம், கழிவைக் குறைத்த வடிவமைப்புக்கென்றே நடக்கிற போட்டி அது.

அக்கா இன்னும் இறங்கி வரவில்லை. வருகிற சனிக்கிழமை ஒரு தனியார் கல்லூரியின் திறந்த நாளுக்கு மூவரும் போகிறோம். மாதிரி தைக்கிற பழைய காலிகோ துணியை மறுபடி பயன்படுத்துகிறார்களா, ஒரு மாணவர் வருடத்துக்கு எத்தனை உடுப்பு வெட்டுகிறார், விரிவுரையாளர்களில் யாராவது ஆலையில் வேலை பார்த்தவரா என்று கேட்கப் போகிறேன். வெட்டும் அறையில் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்க்காமல் வரமாட்டேன் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். "மானத்தை வாங்காதே" என்கிறாள் அக்கா.