வராத வெளிநாட்டுப் பார்சல்: யாரிடம் முதலில் கேட்பது?

ஆன்லைன் சந்தையில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கிய பொருள் சொன்ன தேதிக்கு வராவிட்டால், பணத்தைத் திரும்பக் கேட்க நான்கு வழிகள் உண்டு: சந்தைத் தளத்தின் வாங்குவோர் பாதுகாப்பு, பேபால் வழியே கட்டியிருந்தால் அங்கே பதியும் டிஸ்ப்யூட் (புகார்), கார்டு கொடுத்த வங்கி விற்பனையாளரிடமிருந்து பணத்தைத் திருப்பி எடுக்கும் சார்ஜ்பேக், தபால் விசாரணை. நான்குக்கும் கெடு வேறு, கேட்கும் ஆதாரமும் வேறு. பார்சல் தொலைந்தாலும் பணம் தொலைய வேண்டியதில்லை. டிராக்கிங் பக்கத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டே கெடுவைக் கோட்டைவிடுபவர்களுக்குத்தான் இரண்டும் போகிறது.

எண்ணைப் படிப்பது

சர்வதேச தபால் ஒன்றியத்தின் எஸ்10 முறையில் அமைந்த டிராக்கிங் எண்ணுக்கு 13 இடங்கள். முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் பெரும்பாலும் அனுப்பும் நாட்டின் இரண்டெழுத்துக் குறி. முதல் எழுத்தே சேவை என்னவென்று சொல்லிவிடும்: ‘ஆர்’ பதிவுத் தபால், ‘சி’ பார்சல், ‘இ’ என்றால் ஈஎம்எஸ் என்ற விரைவுத் தபால், ‘எல்’ டிராக்கிங் உள்ள சிறுபொதி. ‘யு’ என்று தொடங்கினால் டிராக்கிங் இல்லாத சாதாரணத் தபால். அதில் இருக்கும் பார்கோடு முக்கியமாகச் சுங்கத் தகவலுக்கானது. இறங்கும் நாட்டில் அது வழி நெடுக ஸ்கேன் ஆகும் என்று காத்திருக்க வேண்டாம்.

எண் உண்மையானதா என்று சந்தேகம் வந்தால் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். வந்ததை 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழியுங்கள். விடை 10 ஆனால் 0 என்றும், 11 ஆனால் 5 என்றும் கொள்ள வேண்டும். 12345678 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே ஒன்பதாவது இலக்கம் 5. கணக்கு பொருந்தாவிட்டால் எண்ணைத் தவறாக அடித்திருக்கிறார்கள், இல்லையென்றால் இட்டுக்கட்டியிருக்கிறார்கள். சந்தைத் தளங்களின் சொந்த லாஜிஸ்டிக்ஸ் எண்களுக்கும் கூரியர் எண்களுக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

எங்கே பார்ப்பது

சந்தைத் தளத்தின் ஆர்டர் பக்கம், 17டிராக் போன்ற திரட்டித் தளம், அனுப்பிய நாட்டுத் தபால் தளம், இறங்கும் நாட்டுத் தபால் தளம் என்று இங்கும் நான்கு இருக்கின்றன. பார்சல் கைமாறும்போது புது எண் ஒட்டப்பட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்கத் திரட்டித் தளம் நல்லது. ஆனால் அது பிற தளங்களிலிருந்து எடுத்துக் காட்டுவதுதான். மொழிபெயர்ப்பில் நிலைகள் குழம்பும், பழைய நிலையே நிற்பதும் உண்டு. கிளம்பும் வரை அனுப்பும் நாட்டுத் தளத்தையும், எல்லை தாண்டிய பிறகு இறங்கும் நாட்டுத் தளத்தையும் நம்புங்கள். ஆதாரமாகத் தரும் ஸ்கிரீன்ஷாட் இந்த இரண்டிலிருந்துதான் இருக்க வேண்டும்.

மூன்று நிலைகள் நிறைய பேரை ஏமாற்றுகின்றன. ‘முன்தகவல் பெறப்பட்டது’ என்றால் விற்பனையாளர் லேபிள் அச்சிட்டிருக்கிறார், அவ்வளவுதான். பொருள் இன்னும் தபாலில் சேரவில்லை. இதே நிலை பத்து நாளுக்கு மேல் நீடித்தால் ஆர்டர் பக்கத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்று இருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். அடுத்தது ‘வெளிநாட்டுப் பரிமாற்ற அலுவலகத்திலிருந்து புறப்பட்டது’. பார்சல் பையில் கட்டப்பட்டு விமான நிறுவனத்துக்காகக் கணக்கு முடிக்கப்பட்டது என்பதே இதன் பொருள்; விமானம் ஏறியதாக ஆகாது. சரக்கு இடம் கிடைக்காமல் பை அங்கேயே கிடக்கலாம். இந்த ஸ்கேனுக்கும் இறங்கும் நாட்டின் ‘வந்து சேர்ந்தது’ ஸ்கேனுக்கும் நடுவே வாரக்கணக்கில் எதுவும் பதிவாகாமல் போவது சகஜம், ஏனென்றால் இடையில் தனிப் பார்சலை யாரும் ஸ்கேன் செய்வதில்லை, பையைத்தான் செய்கிறார்கள். மூன்றாவது ‘சுங்கத்தில் நிறுத்தம்’. இது காத்திருக்கும் நிலையல்ல, உடனே செயல்பட வேண்டிய நிலை. வரி கட்டச் சொல்லியோ பில் கேட்டோ அறிவிப்பு வந்திருக்கும். பதில் போகாவிட்டால் பார்சல் திரும்பிப் போய்விடும். அறிவிப்பு என்ற பெயரில் குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை மட்டும் தொடாதீர்கள். தபால் துறையின் தளத்தை நீங்களே திறந்து எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பணம் கேட்கும் வழிகள்

எங்கள் கருத்தில் சந்தைத் தளத்தின் பாதுகாப்புதான் எப்போதும் முதல் வழி. பெரும்பாலும் விற்பனையாளரின் பணமும் அவருடைய கணக்கும் தளத்தின் கையில் இருக்கும், அனுப்பியதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பும் அவருடையது. ஈபேயில் எதிர்பார்க்கப்பட்ட டெலிவரி தேதியிலிருந்து 30 நாளுக்குள் ‘பொருள் வரவில்லை’ என்று பதிய வேண்டும். மூன்று வேலை நாளில் விற்பனையாளர் தீர்க்காவிட்டால் தளத்தைத் தலையிடச் சொல்லலாம். அமேசானில் மூன்றாம் தரப்பு விற்பனையாளருக்கான ஏ-டு-இசட் உத்தரவாதத்துக்கு, கடைசி டெலிவரி தேதியிலிருந்து 90 நாள். எட்ஸியில் விற்பனையாளருக்கு எழுதி 48 மணி நேரம் பார்த்துவிட்டு, எதிர்பார்த்த தேதியிலிருந்து 100 நாளுக்குள் வழக்குத் திறக்கலாம். அலிஎக்ஸ்பிரஸில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் கெடு உண்டு, ஆர்டர் பக்கத்திலேயே தெரியும். பொருள் கைக்கு வருமுன் ‘பெற்றுக்கொண்டேன்’ பொத்தானை அழுத்தினால் வாதம் அங்கேயே பலவீனமாகிவிடும்.

பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. தாராளமாகத் தெரிந்தாலும் உள்ளே இன்னொரு கெடு ஒளிந்திருக்கிறது: டிஸ்ப்யூட் திறந்த 20 நாளுக்குள் அதைக் கிளெய்மாக, அதாவது பேபாலே முடிவு சொல்லும் வழக்காக, உயர்த்தியாக வேண்டும். தவறினால் தானாக மூடிக்கொள்ளும், மறுபடி திறக்க முடியாது. “இன்னும் மூன்று வாரம் பொறுங்கள், வந்துவிடும், டிஸ்ப்யூட்டை மூடிவிடுங்கள்” என்று விற்பனையாளர் கெஞ்சுவது இந்தக் கணக்கு தெரிந்துதான். பொறுக்கலாம், தப்பில்லை. மூடக் கூடாது. இருபதாவது நாள் நெருங்கினால் உயர்த்திவிட்டுப் பொறுங்கள்.

சார்ஜ்பேக் கடைசி ஆயுதம், ஆனால் கூர்மையானது. விசா கார்டில் இதற்கான காரணக் குறி 13.1, பொருளோ சேவையோ வந்து சேரவில்லை என்பது. பொருளை எதிர்பார்த்த கடைசி நாளிலிருந்து 120 நாளுக்குள் வங்கி இதைத் தொடங்க வேண்டும். எப்படியானாலும் பரிவர்த்தனையிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. டெலிவரி தேதி எதுவும் சொல்லப்படாவிட்டால் பணம் எடுத்த நாளிலிருந்து 15 நாள் காத்திருக்க வேண்டும். பார்சல் உங்கள் நாட்டுச் சுங்கத்தில் நிற்கிறது என்றால் இந்தக் குறியில் வழக்கு செல்லாது என்பது பலருக்குத் தெரியாத விதி. கெடு வங்கிக்கானது என்பதால், வங்கி படிவங்களைப் பார்க்கும் நாட்களையும் கழித்துக்கொண்டு முன்கூட்டியே போங்கள்.

ஒரே பணத்துக்கு இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வழக்குப் போடாதீர்கள். வங்கியில் சார்ஜ்பேக் தொடங்கினால் பேபால் தன் டிஸ்ப்யூட்டை மூடிவிடும். சந்தைத் தளங்களும் அப்படித்தான் செய்யும். தளத்தில் தோற்ற பிறகு வங்கிக்குப் போகலாம், வங்கியில் தோற்றுவிட்டுத் தளத்துக்குத் திரும்புவது கடினம்.

நான்காவது வழியான தபால் விசாரணை மற்ற மூன்றையும் போன்றதல்ல. அதைப் பெரும்பாலும் அனுப்பியவரே கேட்க வேண்டும், ஏனென்றால் உரியவர் கையில் சேரும் வரை தபால் அனுப்பியவருக்கே சொந்தம். தபாலில் சேர்த்த மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் சிஎன் 08 படிவத்தில் கேட்க வேண்டும். கிடைக்கும் இழப்பீடும் சொற்பம்: பதிவுத் தபாலுக்கு 30 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சாதாரணப் பார்சலுக்கு 40 எஸ்டிஆரோடு கிலோவுக்கு 4.50 எஸ்டிஆர் வரை. இரண்டு கிலோ பார்சலுக்கு அதிகபட்சம் 49 எஸ்டிஆர். அதுவும் பொதுவாக விற்பனையாளருக்கே போகும். “தபாலில் விசாரிக்கிறேன், முடிவு வரட்டும்” என்று அவர் சொன்னால் விசாரிக்கட்டும், உங்கள் கெடு அதற்காக நிற்காது.

‘டெலிவரி ஆனது’ என்று காட்டி, பொருள் வரவில்லையென்றால்

நான்கு வழிகளிலும் அதிகம் தோற்பது இங்கேதான். பேபாலில் டெலிவரி ஆதாரம் என்பது உங்கள் ஊரையோ அஞ்சல் குறியீட்டையோ காட்டினாலே பெரும்பாலும் போதும். மோசடி விற்பனையாளர்கள் அதே ஊரில் வேறு யாருக்கோ போன பார்சலின் எண்ணைக் கொடுப்பது இதற்காகத்தான். வெறுமனே “வரவில்லை” என்று எழுதினால் தள்ளுபடி ஆகும். உங்கள் தபால் அலுவலகத்தில் அந்த எண்ணின் டெலிவரி முகவரியும் எடையும் உங்களுடையதோடு பொருந்துகின்றனவா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முகவரியைத் தர மறுத்தாலும் “இந்த எண் இந்த முகவரிக்கு வந்ததல்ல” என்ற ஒரு வரியே பெரிய ஆதாரம். இரண்டு கிலோ பொருளுக்குத் தபால் பதிவில் 20 கிராம் என்று இருந்தால் வேறு விளக்கமே வேண்டாம், அந்தப் பக்கத்தை இணையுங்கள். உங்கள் ஆர்டர் தேதிக்கு முன்பே தபாலில் சேர்த்த பார்சலா என்பதையும் பாருங்கள்.

மற்ற ஆதாரங்கள் எளியவை: வாக்களித்த டெலிவரி தேதி தெரியும் ஆர்டர் பக்கம், தளத்தின் செய்திப் பெட்டியிலேயே நடந்த உரையாடல், தபால் தளத்தின் தேதியிட்ட ஸ்கிரீன்ஷாட். வாட்ஸ்அப்பில் பேசியதைத் தளம் கணக்கில் எடுக்காமல் போகலாம். பாதிப் பணம் தருகிறேன் என்றால் அது தளத்தின் வழியாக மட்டும் வரட்டும், அதை ஏற்றால் வழக்கு முடிந்துவிடுமா என்று ஏற்கும் முன்பே படித்துவிடுங்கள்.

முழுப் பணமும் திரும்பிய பிறகு பார்சல் வந்து நிற்பதும் நடக்கும். விற்பனையாளருக்குத் தளத்தின் செய்திப் பெட்டியில் அன்றே தெரிவியுங்கள். பணத்தைத் தளமோ பேபாலோ வழியாக மறுபடி கேட்கச் சொல்லிக் கட்டுங்கள், தனிக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். சார்ஜ்பேக்கில் பணம் வந்திருந்தால் வங்கிக்கும் எழுத வேண்டும்.