ஆப்பிரிக்காவின் இளம் காலநிலை ஆய்வாளர்கள்: எந்த உதவி ஊரில் தங்குகிறது?

ஆப்பிரிக்கா குறித்த காலநிலை ஆய்வுகளுக்கு 1990 முதல் 2019 வரை கிடைத்த நிதியில் 78 சதவீதம் ஐரோப்பிய, வட அமெரிக்க நிறுவனங்களுக்கே போனது என்றும், ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கு வந்தது 14.5 சதவீதம்தான் என்றும் காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அரசுகளுக்கிடையேயான குழுவான ஐ.பி.சி.சி.யின் 2022ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. எனவே ஓர் உதவித் திட்டத்தை எடைபோடும்போது, எத்தனை பேருக்கு உதவித்தொகை என்பதைவிட, பணமும் ஆளும் கடைசியில் எங்கே தங்குகின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அந்த அளவுகோலில் வெளிநாட்டு உதவித்தொகை பின்தங்கிவிடுகிறது. தேர்ந்த வழிகாட்டிகளும் கணினி வசதியும் அங்கே கிடைப்பது உண்மைதான்; ஆனால் ஆய்வுத் தலைப்பு பெரும்பாலும் அங்குள்ள பேராசிரியரின் திட்டத்தை ஒட்டியே அமைகிறது, படித்து முடித்தவர் ஊர் திரும்பினாலும் அந்த வசதிகள் உடன் வருவதில்லை.

ஜெர்மன் அரசின் நிதியுடன், கானாவின் தலைநகர் அக்ராவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மேற்கு ஆப்பிரிக்கக் காலநிலை ஆய்வு, பயிற்சி மையமான வாஸ்கல் இதற்கு நேர்மாறானது. கானாவின் குமாசியில் நிலப் பயன்பாடு, பெனினின் அபோமே-கலாவியில் நீர்வளம், நைஜரின் நியாமேயில் எரிசக்தி என்று மேற்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையே துறைகளைப் பகிர்ந்தளித்து, பல நாட்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்துகிறது. பிரெஞ்சு வழியில் படித்தவர் ஆங்கிலத்திலும் ஆய்வு செய்யப் பழகுவதால், எல்லை தாண்டிய நட்பும் கூட்டாய்வும் வளர்கின்றன. நிதியின் பெரும்பகுதிக்கு ஒரே நாட்டை நம்பியிருப்பதுதான் இதன் பலவீனம்.

பிரிட்டன் அரசின் நிதியில் 2014இல் தொடங்கிய சர்க்கிள் திட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. ஆப்பிரிக்க அறிவியல் கழகமும் காமன்வெல்த் பல்கலைக்கழகங்களின் சங்கமும் சேர்ந்து நடத்திய இத்திட்டத்தில், இளம் ஆய்வாளர் ஓராண்டு மற்றோர் ஆப்பிரிக்க நிறுவனத்தில் தங்கி ஆய்வு செய்துவிட்டுத் தன் சொந்த நிறுவனத்துக்குத் திரும்புவார். அவரை அனுப்பிய பல்கலைக்கழகமும் இளம் ஆய்வாளர்களைப் பேணும் முறைகளைச் சீரமைப்பதற்கான பயிற்சியைப் பெற்றது. தனிமனிதருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவர் திரும்பிப் போய்ச் சேரும் துறையை அப்படியே விட்டுவிடும் திட்டங்களே மிகுந்திருக்க, இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் ஓராண்டு போதாது. சஹாராவின் தென்விளிம்பிலுள்ள வறண்ட சாஹேல் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையை நம்பிப் பயிரிடும் உழவர்களை ஆராய்பவர் அந்த ஓராண்டில் ஒரே ஒரு பருவத்தைத்தான் பார்க்க முடியும். அதை வைத்து விதைப்புக் காலத்தை மாற்றுங்கள் என்று எந்த வேளாண் அமைச்சகத்துக்கும் துணிந்து பரிந்துரைக்க இயலாது.

அறிவியலாளர்களின் அடுத்த தலைமுறையை உருவாக்க வாஸ்கல் முறையே ஏற்றது. அரசின் கொள்கை வரை ஆய்வு எட்ட வேண்டுமானால் நான் சர்க்கிள் முறையைத்தான் தேர்வேன். பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பணியில் இருப்பவருக்கே உள்ளூர் அதிகாரிகளுடன் தொடர்ந்து பேசும் வாய்ப்பு அதிகம். அத்தகைய திட்டத்தைத் தொடங்குபவர்கள் அதன் காலத்தை மூன்று மழைப்பருவங்களுக்கு நீட்டிக்க வேண்டும். திரும்பி வருபவரின் வகுப்புச் சுமையைக் குறைப்பதாகப் பல்கலைக்கழகம் எழுத்துப்பூர்வமாக உறுதி தந்த பிறகே நிதியின் முதல் தவணையை விடுவிக்க வேண்டும்.