வைக்கோல் மண்ணுக்கு மேலேயா, உள்ளேயா? யூரியாவோடு ஒரு கணக்கு

சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டாவில் வைக்கோலுக்கு நாலு வழி இருக்கிறது. கட்டுக் கட்டி விற்கலாம், கொளுத்தலாம், மடக்கி உழலாம், கோடைக் காய்கறிக்கு மூடாக்காகப் பரப்பலாம். கொளுத்துவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வைக்கோலில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய முழுக்கப் புகையோடு போய்விடும். சாம்பலில் பொட்டாஷ் (சாம்பல்சத்து) பெருமளவு மிஞ்சும் என்பது ஒன்றுதான் அதற்கு ஆதரவாகச் சொல்ல முடிந்தது.

மிச்ச வழிகளைப் பேசும்போது ‘வைக்கோலா, யூரியாவா’ என்று எதிரெதிரே நிறுத்துகிறார்கள். எனக்கு அது சரியான போட்டியாகத் தெரியவில்லை. யூரியா பயிரைப் பச்சையாக்கும். மண்ணை வளமாக்கும் கரிமத்தை (கார்பனை) அவ்வளவாகத் தராது. வைக்கோல் கரிமத்தைத் தரும். அவசரத்துக்குத் தழைச்சத்து தராது. வைக்கோல் எங்கே கிடக்கிறது என்பதுதான் யூரியா எவ்வளவு, எப்போது வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

மடக்கி உழுவதை முதலில் பார்ப்போம். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வைத்துக்கொண்டால் அதில் கரிமம் சுமார் 800 கிலோ, தழைச்சத்து 12 கிலோ அளவில்தான். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தோராயமாக 25 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து தேவை. அப்படியானால் 32 கிலோ வேண்டும். குறையும் 20 கிலோவை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் தழைச்சத்தும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இது கடன்தான்; நுண்ணுயிர்கள் மடிய மடியத் திரும்பி வரும். ஆனால் வருவதற்குள் நாற்று வெளுத்துவிடும்.

நீர் தேங்கிய சேற்றில் மக்குவது மெதுவாக நடப்பதால் இந்த இழுப்பு குறைவு. அங்கே தொல்லை வேறு. பச்சை வைக்கோலை மடக்கிய கையோடு நட்டால் கரிம அமிலங்கள் சேர்ந்து வேரைத் தாக்கும், மீத்தேனும் கூடும். பயிர் மஞ்சளடித்தால் உடனே யூரியா மூட்டையைத் தூக்குகிறோம். அந்த நேரத்தில் தண்ணீரை வடித்து வயலை ஒரு முறை காயவிடுவதுதான் முதல் வைத்தியம். அதைவிட நல்லது, அறுவடை ஆனதும் ஈரம் இருக்கும்போதே உழுது, நடவுக்கு முன் சில வாரங்களாவது காற்றோட்டத்தில் மக்க விடுவது. ஆரம்பத்தில் கொஞ்சம் யூரியாவை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பிறகு மேலுரத்தை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போட்டால் போதும்.

அறுவடைக்கு முன்பே, நின்ற நெற்பயிரிலேயே உளுந்து விதைத்த வயலுக்கு மடக்கி உழும் பேச்சே கிடையாது. அங்கே அறுவடை இயந்திரம் வரிசையாகக் கொட்டிப் போன வைக்கோலைக் கலைத்து விட்டாலே பெரிய காரியம். குவியலுக்கு அடியில் மாட்டிய முளை மேலே வராது.

இப்போது மூடாக்கு. என் ஓட்டு கோடைக் கத்தரி, மிளகாய், வெண்டைக்கு இதற்குத்தான். மேலே கிடக்கும் வைக்கோல் மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் மக்குகிறது. அதனால் வேருக்குப் போகும் தழைச்சத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. சித்திரை வெயிலில் மூடாக்கை ஒரு பிடி விலக்கிப் பாருங்கள். மேல் வைக்கோல் மொறமொறவென்று இருக்கும். நடுவில் சாம்பல் நிறம். அடியில் ஈரமாய்க் கறுத்து, வெள்ளை இழையாகப் பூஞ்சாணம் ஓடியிருக்கும். அதற்கும் கீழே குட்டி உருண்டைகளாக மண்புழு எச்சம். பக்கத்திலேயே மூடாக்கு இல்லாத பாத்தி வெடிக்கத் தொடங்கியிருக்கும். களையும் பாதிக்கு மேல் அடங்கிவிடும், வெளிச்சம் இல்லாமல் முளைக்காது.

இதையெல்லாம் ஒரே நாளில் கெடுக்க வழி இருக்கிறது: மூடாக்கின் மேலேயே யூரியாவை வீசுவது. வைக்கோலிலும் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும் நொதி உண்டு. பனி ஈரத்தில் கரைந்த குருணை மண்ணைத் தொடாமலே ஆவியாகும். காலையில் மூக்கைச் சுண்டும் அந்த வாடை உங்கள் காசுதான். வைக்கோலை ஒதுக்கி, செடிக்குச் சற்றுத் தள்ளி மண்ணில் குழி போட்டு, யூரியாவை வைத்து மூடி, தண்ணீர் விட வேண்டும். மூடாக்குக்கு அடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடினால் அதிலேயே கரைத்துவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஜோடி இல்லை. ஆள் கூலி கட்டுப்படியாகாது என்பவர்கள் அளவையாவது குறைத்து வீசி, உடனே நனையும்படி தண்ணீர் பாய்ச்சுங்கள்.

மூடாக்கிலும் சங்கடம் உண்டு. எலி வரும், கரையான் வரும், சரியாக அடிக்காத வைக்கோல் என்றால் நெல்லே முளைக்கும். தண்டை ஒட்டிப் போட்டால் அழுகல் வரும், நாலு விரல் விட்டுப் பரப்புங்கள்.

மாடு இல்லாத வீட்டில் விற்பதுதான் லாபம் என்று தோன்றும். அந்த 2 டன் வைக்கோலில் சுமார் ஒரு மூட்டை பொட்டாஷுக்குச் சமமான சாம்பல்சத்தும் லாரியேறிப் போகிறது. இன்றைய பொட்டாஷ் மூட்டை விலையையும் வியாபாரி சொல்லும் கட்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.