ஒரு மாசம், மூணு நாவல்: டூன், த்ரீ பாடி ப்ராப்ளம், எர்த்ஸீ. எதை முதல்ல எடுக்கலாம்?

போன மாசம் முழுக்க அறிவியல் புனைகதையும் ஃபேன்டஸியும் மட்டும்தான் படிக்கிறதுன்னு வெச்சுக்கிட்டேன். எடுத்தது மூணு. ஃப்ராங்க் ஹெர்பர்ட்டோட டூன் (1965), லியூ சிசின் எழுதின த்ரீ பாடி ப்ராப்ளம் (சீனத்துல 2008ல புத்தகமா வந்தது, கென் லியூ இங்கிலீஷ்ல கொண்டு வந்தது 2014ல), அப்புறம் உர்சுலா லெ குவினோட எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ (1968). மூணுமே நல்ல புத்தகம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணே ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்குன்னு யாராவது கேட்டா நான் யோசிக்காம எர்த்ஸீயைத்தான் கையில குடுப்பேன், ஏன்னு சொல்றேன்.

அதுக்கு முன்னாடி நான் எப்படிப் படிக்கிறேன்னு சொல்லிடணும், ஏன்னா முடிவே அதை வெச்சுதான். காலையில ட்ரெயின்ல அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம், அதுவும் உட்கார இடம் கிடைச்சா. வீட்டுக்கு வந்துட்டா குழந்தை தூங்கணும், லைட்டை அணைக்கணும். ஆபீஸ்ல மாசக் கடைசி வந்துச்சுன்னா மூணு நாலு நாள் புத்தகத்தைத் தொடவே முடியாது. நம்மள்ல நிறைய பேர் இப்படித்தான் படிக்கிறோம்னு நினைக்கிறேன்.

கனம், விலை, எது விண்வெளி எது மந்திரம் இதெல்லாம் அட்டையைப் பார்த்தாலே தெரியும், அதை விட்டுடறேன். நான் பார்த்தது ஒண்ணே ஒண்ணு: நாலு நாள் கழிச்சு புத்தகத்தைத் திறந்தா விட்ட இடத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடியுது?

டூன்ல இதுதான் எனக்குப் பெரிய கஷ்டமா இருந்துச்சு. முதல் சில பக்கத்துலயே பெனி ஜெஸரிட், க்விஸாட்ஸ் ஹடெராக், கோம் ஜப்பார்னு வரிசையா வந்து விழுது, எதுக்கும் அங்கேயே விளக்கம் கிடையாது, பின்னாடி அகராதி மாதிரி ஒரு பகுதி இருக்கு, அச்சுப் புத்தகம்னா விரலை வெச்சுக்கிட்டு புரட்டலாம், நான் ஃபோன்ல படிச்சதால ஒவ்வொரு தடவையும் போயிட்டு திரும்பி வர்றதுக்குள்ள படிச்ச வேகம் போயிடும். அத்தியாயத்துக்கு நம்பர் இல்ல. மூணு பெரிய பாகம், உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் மேல இளவரசி இருலன் எழுதினதா ஒரு மேற்கோள், அவ்வளவுதான். ஒரே காட்சிக்குள்ளேயே ஒருத்தர் மனசுல இருந்து இன்னொருத்தர் மனசுக்குத் தாவுது. தினமும் ரெண்டு மணி நேரம் உட்கார்றவங்களுக்கு இது சுகமா இருக்கும், அந்த உலகம் அப்படியே சூழ்ந்துக்கும். எனக்கு நாலு நாள் இடைவெளி விழுந்தப்ப முப்பது பக்கம் பின்னாடி போய் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிடுச்சு, ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. பதினாலு நாள் எடுத்துச்சு.

ஆனா டூன்ல இருக்கிற சில விஷயம் மத்த ரெண்டுலயும் இல்லங்கிறதையும் சொல்லணும். பாலைவனத்து ஆளு ஸ்டில்கர், அந்தக் கிரகத்தை ஆள வந்த டியூக்கைப் பார்க்க வர்றப்ப மேஜை மேல எச்சில் துப்புவான், டியூக்கோட ஆளுங்களுக்குக் கோபம் வரும், அப்பதான் தெரியும் அது அவமரியாதை இல்ல, தண்ணியே இல்லாத ஊர்ல தன் உடம்பு ஈரத்தைக் குடுக்கிறது எவ்வளவு பெரிய மரியாதைன்னு. குடத்தோட லாரிக்குக் காத்திருந்தவங்களுக்கு அந்தக் காட்சி நேரா உள்ள போகும். யார் துரோகம் பண்ணப் போறாங்கன்னு ஆரம்பத்துலயே பேரோட சொல்லிட்டு, அதுக்கப்புறமும் பதட்டமா படிக்க வைக்கிறாரு, அது லேசுப்பட்ட வேலை இல்ல. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் வேண்டாம்னு சொல்லி, கடைசியில கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர் போன சில்டன் கம்பெனிதான் இதைப் புத்தகமா போட்டுச்சு. தொடர்ல முதல் புத்தகம் மட்டும்தான் நான் படிச்சிருக்கேன், அதனால மொத்தத் தொடரைப் பத்தி எதுவும் சொல்ல மாட்டேன்.

த்ரீ பாடி விஷயம் வேற. 1967ல சீனாவுல கலாச்சாரப் புரட்சி நடக்கிறப்ப ஒரு இயற்பியல் பேராசிரியரை கூட்டத்துக்கு நடுவுல அடிச்சே கொல்றாங்க, அவரோட பொண்ணு யே வென்ஜி அதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா. அந்தப் பக்கங்களைப் படிச்ச அன்னிக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல. சீனப் புத்தகத்துல இது நடுவுலதான் வருமாம், இங்கிலீஷ்ல கென் லியூ எழுத்தாளரோட சம்மதத்தோட முதலுக்குக் கொண்டு வந்திருக்காரு, என்னைக் கேட்டா சரியான முடிவு. கதையில வர்ற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ள மூணு கோடி சிப்பாய்ங்க கறுப்பு வெள்ளைக் கொடி பிடிச்சு ஒரு கம்ப்யூட்டராவே நிக்கிற இடம் இருக்கே, நான் படிச்சதுலயே அப்படி ஒரு கற்பனை பார்த்ததில்ல.

விட்ட இடத்தைப் பிடிக்கிறதுல இது நடுவாந்திரம். புதிர் மாதிரி நகர்றதால அடுத்து என்னன்னு தெரிஞ்சுக்கிற ஆசை நம்மள இழுத்துட்டு வந்துடும். பேருங்கதான் முதல்ல குழப்பும், வாங் மியாவ், ஷி சியாங், யே வென்ஜின்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டேன், அம்பது பக்கத்துல பழகிடுச்சு. ஆனா போலீஸ்காரர் ஷி சியாங்கையும் யே வென்ஜியையும் தவிர வேற யாரும் மனசுல நிக்கல. அது மூலத்துலயே அப்படியா, மொழிபெயர்ப்புல அப்படி ஆச்சான்னு சீனம் தெரியாத நான் தீர்ப்பு சொல்லக் கூடாது. பதினோரு நாள் ஆச்சு.

இப்ப எர்த்ஸீ. அஞ்சே நாள். சின்னப் புத்தகம், பத்தே அத்தியாயம், அதனால சீக்கிரம் முடிஞ்சதுன்னு சொல்லலாம், ஆனா காரணம் அது மட்டும் இல்ல. ஒரே பையன், ஒரே கதை இழை. கெட்ங்கிறவன் கான்ட் தீவுல ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தவன், மந்திரம் படிக்க ரோக் தீவுக்குப் போறான், கர்வத்துல செய்யக் கூடாத ஒண்ணைச் செஞ்சு ஒரு நிழலை வெளிய விட்டுடறான், அது அவனைத் துரத்துது. ஒவ்வொரு அத்தியாயமும் கிட்டத்தட்ட ஒரு முழுக் கதை. டிராகன் கிட்ட போற அத்தியாயத்தை ஒரு சாயங்கால ட்ரெயின்ல ஆரம்பிச்சு இறங்குறதுக்குள்ள முடிச்சேன், நடுவுல மூணு நாள் படிக்க முடியல, திரும்பத் திறந்தப்ப ஒரு வரி கூட பின்னாடி போகத் தேவைப்படல. புதுப் பேர் வந்தா அது பெரும்பாலும் ஒரு தீவு, லெ குவின் கதைக்கு முன்னாடியே வரைபடம் வரைஞ்சிருக்காங்க, அது புத்தகத்துலயும் இருக்கு, எங்க போறான்னு பார்த்துக்கலாம்.

இன்னொண்ணு, பேரு. அந்த உலகத்துல எல்லாருக்கும் ஒரு உண்மையான பேர் இருக்கு, அதை வெளிய சொல்ல மாட்டாங்க, தெரிஞ்சவங்களுக்கு உங்க மேல அதிகாரம் வந்துடும். பதிமூணு வயசுல ஆற்றுத் தண்ணிக்குள்ள நடந்து வர்ற பையனோட கையைப் பிடிச்சு மந்திரவாதி ஓகியன் அவன் பேரை மெதுவா சொல்றாரு. குழந்தைக்குப் பேர் வைக்கிறப்ப காதுல மூணு தடவை சொல்றதைப் பார்த்து வளர்ந்தவங்க நம்ம, புருஷன் பேரை வாயால சொல்லாத பாட்டிங்களோட இருந்தவங்க, நமக்கு இதுக்கு அடிக்குறிப்பு வேணுமா? அதனாலயே மறக்கல. கெட்டோட நண்பன் வெட்ச் தன் பேரைத் தானா முன்வந்து அவன் கிட்ட சொல்ற இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

கெட் செம்பு மாதிரி பழுப்பு நிறம், வெட்ச் கறுப்பு. 1968ல இப்படி எழுதியிருக்காங்க, அதுவும் பெருசா அறிவிக்காம போற போக்குல. 2004ல டிவி தொடரா எடுத்தப்ப கெட்டை வெள்ளைக்காரனா மாத்திட்டாங்க, லெ குவின் அதைக் கண்டிச்சு எழுதினாங்க. சின்ன வயசுல எனக்கு இந்தப் புத்தகம் கிடைச்சிருக்கணும்.

குறை இல்லாம இல்ல. பொம்பளைங்களுக்கு இதுல இடம் ரொம்பக் கம்மி, ஊர்ல இருக்கிற சூனியக்காரியைப் பத்திப் பேசுறப்ப தொனியே இளக்காரமா இருக்கு. அரசியல், சூழல்னு பெரிய உலகம் வேணும்னா டூன் பக்கத்துல இது நிக்காது. ஒரு வாரம் லீவு கையில இருக்குன்னா நீங்க டூனை எடுங்க, இயற்பியல்ல ஆர்வம்னா த்ரீ பாடியை எடுங்க. என்னை மாதிரி அரை மணி அரை மணியா படிக்கிறவங்களுக்கு எர்த்ஸீ.

இப்ப ரெண்டாவது புத்தகம், 1971ல வந்த டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான், ஓடிக்கிட்டு இருக்கு. இதுல ஒரு சின்னப் பொண்ணு கிட்ட இருந்து பேரையே பறிச்சுடறாங்க. நேத்து அந்த இடத்துலதான் என் ஸ்டேஷன் வந்துச்சு.