சூப்பர் லீக் கேரளா: தூத்தூர்க் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

நீரோடியோடு தமிழ்நாட்டின் மேற்குக் கரை முடிகிறது. அதைத் தாண்டிக் கால் வைத்தால் கேரளத்தின் பொழியூர். நடுவில் இருப்பது ஒரே மணல் என்பதால், மாலையில் அங்கே பந்து உதைக்கும் பிள்ளைகளில் யார் எந்த மாநிலத்துப் பிள்ளை என்று பார்த்துச் சொல்ல முடியாது. தூத்தூர் உட்பட, இரயுமன்துறை தொடங்கி நீரோடி வரையுள்ள எங்கள் எட்டு மீனவ ஊர்களில் திருவிழாவுக்குக் கொடியேற்றும்போதே அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் பந்தயத்துக்கும் தேதி குறித்துவிடுவார்கள். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்த மணலிலிருந்து கிளம்பித்தான் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை போனார். ஆகவே 2024 செப்டம்பரில் சூப்பர் லீக் கேரளா என்ற கால்பந்து லீக் தொடங்கியபோது, அதை அண்டை மாநிலத்துச் சங்கதியாக இங்கே யாரும் நினைக்கவில்லை. இரண்டு சீசன்களிலும் சில ஆட்டங்களை மைதானத்துக்கே போய்ப் பார்த்தவன் என்ற முறையில், காசு கொடுத்துப் பார்க்கிறவருக்கு இந்த லீக் என்ன தருகிறது என்பதையும், இதில் புதிதாக ஓர் அணியைச் சேர்க்கலாமா என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. கோழிக்கோடு, கொச்சி, கண்ணூர், மலப்புறம், திருச்சூர், திருவனந்தபுரம் என்று ஆறு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஐந்துடன் இருமுறை மோத வேண்டும். முதல் நான்கு இடங்களைப் பிடிப்பவை அரையிறுதிக்குப் போகும். விளையாட்டின் வேகம் ஐ.எஸ்.எல். அளவுக்கு இல்லை, அதை எதிர்பார்த்துப் போகவும் கூடாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த அனுபவசாலி ஒருவரும், நேற்றுவரை கல்லூரி அணியில் ஆடிய உள்ளூர்ப் பையனும் ஒரே நடுக்களத்தில் பந்தைப் பகிர்ந்துகொள்வதைப் பார்க்கும் சுகம் பெரிய லீக்குகளில் அரிதாகவே கிடைக்கும். 2024 நவம்பரில் கோழிக்கோட்டு மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் அந்த ஊரின் காலிகட் அணி, கொச்சியின் ஃபோர்கா கொச்சியை 2-1 என்று வென்றபோது, காலிகட்டுக்காகக் கோலடித்தவர்களில் ஒருவர் பெல்ஃபோர்ட். 2016இல் ஐ.எஸ்.எல். அணியான கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆடிய ஹைத்தி நாட்டுக்காரரான அவரை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்கவில்லை.

எங்களுக்குப் பக்கத்து அணி திருவனந்தபுரம் கொம்பன்ஸ். பாளையத்தில் இருக்கும் சந்திரசேகரன் நாயர் மைதானம் அதன் சொந்தக் களம். பெரிய கிரிக்கெட் மைதானங்களில் பந்தைத் தேடிக் கண் பூத்துப்போகும். இங்கே வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம்கூடக் கேலரிக்குக் கேட்கிறது. நான் பார்த்த முதல் ஆட்டத்தில் ஓரத்து ஆட்டக்காரர் ஒருவர் பந்தைக் கோட்டுக்கு அருகே நிறுத்தி, எதிராளி காலை நீட்டும்வரை காத்திருந்து, நீட்டிய நொடியில் பாதத்தின் வெளிப்புறத்தால் தட்டிவிட்டுக் கடந்து போனார். மணலில் ஆடிப் பழகியவர்கள் செய்கிற வித்தை அது; ஈரமணலில் பந்து உருளாது என்பதால் தள்ளிவிட்டு ஓட முடியாது, எதிராளியை முதலில் அசைய வைத்தாக வேண்டும். பக்கத்தில் இருந்த என் அக்கா மகன் அதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, “மாமா, இதுல நமக்கு ஏது டீமு?” என்று கேட்டான். கொம்பன்ஸ்தான் நம் அணி என்றேன். அவன் ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

போய்வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லை ஊரான களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். எங்கள் கரையிலிருந்து பொழியூர், பூவார் வழியாகப் போனாலும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது. இரவு ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு வெளியே வரும்போது எல்லைக்குப் போகும் பேருந்துகள் குறைந்துவிடுகின்றன என்பதால், நான்கைந்து பேர் சேர்ந்து வண்டி பிடித்துப் போவதே நல்லது. லீக் நடந்த ஊர்களில் ஒன்றில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். கூரை இல்லாத பக்கத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தேன். ஐப்பசி மழை கொட்டத் தொடங்கியதும் கூரைக்கு அடியில் காலியாகக் கிடந்த இருக்கைகளுக்குப் போக விடாமல் காவலுக்கு நின்றவர் தடுத்துவிட்டார். இரண்டாம் பாதி முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டே பார்த்தேன். ஆட்டம் நன்றாக இருந்தது, பை ஒழுகியது.

இனி, புதிய அணி. கேரளத்தின் பதினான்கு மாவட்டங்களில் எட்டுக்கு இந்த லீக்கில் அணி கிடையாது. அவற்றில் ஐந்து (கொல்லம், பத்தனம்திட்டா, ஆலப்புழை, கோட்டயம், இடுக்கி) திருவனந்தபுரத்துக்கும் கொச்சிக்கும் இடையில் அடுத்தடுத்து இருக்கின்றன. வடக்கே கோழிக்கோடும் மலப்புறமும் திருச்சூரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, தெற்கே இருநூறு கிலோமீட்டர் காலியாகக் கிடக்கிறது. வடக்கே மலபாரில் கால்பந்துப் பித்து அதிகம் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரள போலீஸ் அணி தலைநகரைச் சேர்ந்தது. டைட்டானியம் அணி ஆடியதும் அங்கேதான். பொழியூர் என்றாலே, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில் ஆடியவர்களின் ஊர் என்பார்கள். தெற்கில் ஆட ஆளில்லை, பார்க்க ஆளில்லை என்ற பேச்சு எடுபடாது.

அதனால் ஏழாவது அணியை உடனே சேர்க்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். ஏழு என்ற எண்ணே எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு அணிகள் இருமுறை மோதினால் முப்பது ஆட்டங்கள், பத்துச் சுற்றுகளில் முடிந்துவிடும். ஏழு அணிகள் என்றால் ஆட்டங்கள் 42 ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா உட்கார வேண்டும் என்பதால் சுற்றுகள் பதினான்கு ஆகிவிடும். எட்டு அணிகள் என்றால் 56 ஆட்டங்கள். அதற்கும் அதே பதினான்கு சுற்றுகள்தான். ஆக, ஏழாவது அணிக்காக நீட்டுகிற நாட்களுக்குள் எட்டாவது அணியும் செலவில்லாமல் அடங்கிவிடுகிறது. சேர்ப்பதானால் இரண்டாகச் சேர்க்க வேண்டும். ஒன்று கொல்லத்தை மையமாகக் கொண்டு தெற்கில், மற்றொன்று பாலக்காட்டிலோ காசர்கோட்டிலோ அமையலாம். பாலக்காடு என்றால் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துத் தமிழர்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அணி கிடைக்கும்.

அதற்கும் முன்னால் சொந்த மைதானம் வேண்டும். முதல் சீசனில் ஆறு அணிகளுக்கு நான்கு மைதானங்களே இருந்தன. கண்ணூர் அணி கோழிக்கோட்டிலும், திருச்சூர் அணி மலப்புறத்து மஞ்சேரியிலும் ‘சொந்தக் கள’ ஆட்டங்களை ஆடின. தன் ஊர்ப் பெயரைச் சட்டையில் சுமந்துகொண்டு அடுத்த ஊரில் போய் ஆடுகிற அணிக்குப் பின்னால் யார் போவார்கள்? 2025இல் இரண்டுக்கும் அவரவர் ஊரிலேயே களம் கிடைத்தது. இந்த லீக் தன்னைத் தானே திருத்திக்கொண்ட இடம் என்று இதைத்தான் சொல்வேன். புதிய அணி எதுவானாலும் முதல் நாளிலிருந்தே இந்த நிபந்தனை பொருந்த வேண்டும். கொல்லத்தில் லால் பகதூர் சாஸ்திரி மைதானம் இருக்கிறது. பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

பணம் போடுகிறவர் கிடைத்துவிட்டார் என்பதற்காக மட்டும் அணி தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எல்லைக்கு இரண்டு பக்கத்திலும் சான்று உண்டு. எஃப்.சி. கொச்சின் 1997இல் தொடங்கி அதே ஆண்டில் டூரண்ட் கோப்பையை வென்று வந்தது. சில ஆண்டுகளிலேயே கதவை மூடியது. சென்னை சிட்டி எஃப்.சி. கோவை நேரு மைதானத்தைக் களமாக வைத்துக்கொண்டு 2018-19இல் தேசிய அளவிலான ஐ-லீக்கை வென்றது. இன்று அந்த அணி களத்தில் இல்லை. சூசைராஜ் ஒரு காலத்தில் அந்த அணிக்கு ஆடியவர் என்பதால் அதன் பெயர் பொறித்த சட்டைகள் எங்கள் ஊரில் இன்னும் கொடியில் காய்கின்றன. கோப்பை ஓர் அணியைக் காப்பாற்றிவிடாது என்பதை அந்தச் சட்டைகளைப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியே ஒரு சிக்கல் உண்டு. இது கேரளக் கால்பந்துச் சங்கத்தின் கீழ் நடக்கும் லீக் என்பதால் தூத்தூருக்கோ மார்த்தாண்டத்துக்கோ இதில் அணி கிடைக்கப் போவதில்லை. அதைக் கேட்பதிலும் அர்த்தமில்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவிதாங்கூர்க்காரர்கள்தானே என்று எங்கள் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்; பதிவுப் புத்தகத்தில் அது செல்லாது. ஆனால் ஆட்டக்காரர்களுக்கு எல்லை ஒரு தடையல்ல. மாநிலம் மாறிப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. தெற்கில் வரப்போகும் அணி, வீரர் தேர்வை நகரத்துப் புல்வெளியில் மட்டும் வைக்காமல் பொழியூரிலும் ஒரு நாள் வைத்தால், எங்கள் எட்டு ஊர்ப் பையன்களும் நடந்தே வந்துவிடுவார்கள். அந்த அணிக்கு எந்த ஊர்ப் பெயர் வைத்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

இன்னொன்று, லீக் நடக்கும் காலம். மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31உடன் முடிகிறது. எங்கள் ஆழ்கடல் விசைப்படகுகள் ஆகஸ்டில் புறப்பட்டால், ஒருமுறை போனவர்கள் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தொடங்கும் லீக்கை, இந்தக் கரையிலேயே அதிகப் பந்துப் பித்துள்ள ஆண்கள் கடலில் இருந்துகொண்டு தவற விடுகிறார்கள். கொச்சித் துறைமுகத்தில் மீன் இறக்கும் நாளும் ஆட்ட நாளும் ஒன்றாக வாய்த்தவர்கள் மட்டும் குளித்து, சட்டை மாற்றி, நேராக மைதானத்துக்குப் போகிறார்கள். எங்கள் ஊரில் ஃபோர்கா கொச்சிக்கும் ரசிகர்கள் இருக்கக் காரணம் இதுதான். மழைக்காலத்தில் லீக் நடத்த முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் அணிகளைக் கூட்டி, 2025இல் போலவே சீசனை டிசம்பர் வரை நடத்தினால், கிறிஸ்துமஸுக்குக் கரை சேரும் படகுகளின் ஆட்கள் கடைசிச் சில ஆட்டங்களையாவது பார்ப்பார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். குறைந்த ஒன்றரையில் ஒன்று, தெற்கில் காலியாகக் கிடக்கும் அந்த இருநூறு கிலோமீட்டருக்கு. அரை, என் தலையில் ஒழுகிய பைக்கு. அடுத்த சீசனில் கொம்பன்ஸின் சொந்தக் கள ஆட்டங்கள் மூன்றுக்குப் போவதாக அக்கா மகனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கூரை உள்ள பக்கம்.